இத்தாலிய விருந்தும் ஏரிக்காட்சியும்

வெளியில் உண்ணுதல் என்பது ஒரு காலத்தில் வழிப்போக்கர்க்கே உரியதாயிருந்தது. சத்திரத்துச் சோறும் ரயில் நிலையத்து இட்டலியும் ஊர் விட்டு ஊர் போந்தவரின் பசியைத் தீர்க்க ஏற்பட்டவை. வீடிருக்க, அடுப்பிருக்க, பொருள் கொடுத்துப் பிறர் சமைத்ததை உண்பானேன் என்று நம் பாட்டிமார் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. மகன் முதற் சம்பளம் வாங்கிய நாள், மகளுக்குத் திருமணம் உறுதியான நாள், தந்தையார்க்கு அறுபது நிறைந்த நாள் ஆகிய நன்னாட்களில், 'இன்று எல்லோரும் வெளியில் சென்று சாப்பிடுவோம்' என்று இளையவர்கள் அழைப்பது பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் அழைத்துச் செல்லும் இடம் நமக்குப் பழகிய உடுப்பி ஓட்டலாக இருப்பது குறைவு. உயர்ந்த மாடி ஒன்றில், ஏரியையோ மரங்களையோ மாலை வானத்தையோ பார்த்தவாறு அமர்ந்து உண்ணும் இத்தாலிய உணவகமாக அது இருக்கிறது.

இத்தகைய விருந்துகளில் ஒரு சிறு துன்பம் உண்டு. அதனை வெளியே சொல்வோர் இல்லை. மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருப்பர். அவர்களுள் ஆறு பேர் மகிழ்ந்து உண்பர். மூத்தவர் இருவர் மட்டும், 'எனக்குப் பசியில்லை' என்று கூறித் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்திருப்பர். பெயர் தெரியாத உணவு. உள்ளே என்ன கலந்திருக்கிறதோ என்னும் ஐயம். முள்கரண்டி பிடிக்கத் தெரியாத கூச்சம். விலைப்பட்டியலைக் கண்ட திகைப்பு. இவை யாவும் சேர்ந்து அவர்களை விருந்தின் நடுவே அயலாராக்கி விடுகின்றன. பிள்ளைகள் அன்போடு அழைத்த விருந்து, அழைக்கப்பட்டவர்க்கே விருந்தாகாமற் போகிறது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அடிக்கடி நேரக்கூடியது. ஆகவே, இத்தாலிய உணவு எங்கிருந்து வந்தது, அதில் என்ன இருக்கிறது, எவ்வாறு கேட்டு வாங்கி உண்பது, காட்சிக்காக நாம் கொடுக்கும் விலை என்ன என்பவற்றைப் பெங்களூரின் காக்ஸ் டவுனை முன்னிட்டுச் சிறிது ஆராய்வோம்.

காக்ஸ் டவுனை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு மாறியபோது, அப்படையைத் தொடர்ந்து சிப்பாய்களும் கொத்தர்களும் வணிகரும் சமையற்காரரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து கன்டோன்மென்ட் பகுதியில் குடியேறினர். 1898இல் பிளேக் நோய் நகரைத் தாக்கியது. நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த மக்களுக்குக் காற்றோட்டமுள்ள புதுக் குடியிருப்புகள் வேண்டும் என்னும் எண்ணம் அதன் பின் வலுப்பெற்றது. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாயின. 1947இல் கன்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் அதுவும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. அன்று வந்தவரின் வழித்தோன்றல்களும், நேற்று வேலை தேடி வந்தவரும் இன்று அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

இப்பகுதியின் நாவும் பலமொழி பேசும் நாவே. காலையில் இட்டலி வேகும் ஆவி ஒரு தெருவில். ரொட்டிக் கிடங்கின் மணம் அடுத்த தெருவில். அருகிலுள்ள மசூதி சாலையில் ரமலான் மாத இரவுகளில் உணவுக் கடைகள் நிரம்பி வழியும். ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் மஞ்சள் சோறும் கோளாக் குழம்பும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். அண்டை வீட்டார் உணவைக் கண்டு முகம் சுளித்தவர் இத்தகைய இடத்தில் நெடுநாள் வாழ்ந்திருக்க முடியாது. அத்தகைய ஊருக்கு இத்தாலிய உணவு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் நம் நாட்டிற்கு அது முதலில் வந்த வழி வேறு. 1844இல் வட இத்தாலியிலுள்ள கரிஞானோ என்னும் ஊரில் பிறந்த பெதரிக்கோ பெலிட்டி என்பவர், 1869இல் வைசிராய் மேயோ பிரபுவின் மிட்டாய்ச் சமையற்காரராக இந்தியாவுக்கு வந்தார். பின்னர்த் தாமே கல்கத்தாவில் கடை தொடங்கினார். கோடைகாலத் தலைநகரான சிம்லாவிலும் கிளை அமைத்தார். மலைமுகட்டில் அமைந்த சிம்லாவின் பெரிய சாலையில் பெலிட்டியின் இடம் வெள்ளைக்கார அதிகாரிகள் கூடும் மையமாக விளங்கியது. கிப்ளிங் தம் கதைகளில் அதனைக் குறிப்பிடும் அளவுக்கு அது புகழ் பெற்றிருந்தது. மலைக்காட்சி உள்ள ஊரில் இத்தாலியர் ஒருவர் நடத்திய உண்டிச்சாலை என்னும் ஏற்பாடு, ஆகவே, நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு.

கல்கத்தாவில் சௌரங்கிச் சாலையில், பரந்த மைதானத்தை எதிர்நோக்கி, பிர்ப்போ என்னும் இத்தாலியரின் உணவகம் நெடுங்காலம் நடந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் டி ஏஞ்சலிஸ் என்பவர் நிறுவிய விடுதி, பின்னாளில் பொசோட்டோ என்னும் இத்தாலியப் பெயரோடு நடந்தது. இவ்விடங்களில் இத்தாலியர் பெயர் இருந்ததே தவிர, பரிமாறப்பட்டதிற் பெரும்பகுதி ஆங்கிலேயர் விரும்பிய கேக்கும் மிட்டாயும் வறுத்த இறைச்சியுமே. இத்தாலியக் குடியானவன் வீட்டில் அன்றாடம் உண்ணும் உணவு அங்கே மேசைக்கு வந்தது அரிது.

பெங்களூரைப் பொறுத்தவரை, இத்தாலியர் பெருந்திரளாக வந்தது விருந்து படைப்பதற்கன்று. இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான இத்தாலியப் போர்வீரர் 1941 முதல் இந்தியாவின் பல முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டனர். ஜாலஹள்ளி உள்ளிட்ட பெங்களூர் முகாம்களும் அவற்றுள் அடங்கும். தாய் கையால் உண்ட உணவை நினைத்து ஏங்கியவாறு, வேலிக்குள் நாட்களை எண்ணியவர்கள் அவர்கள். ஊரை விட்டு வந்தவர்க்கு உணவின் நினைவு எவ்வளவு கொடியது என்பதை நாமும் அறிவோம். இன்று பெங்களூரில் நாம் காணும் இத்தாலிய உணவகங்கள், 1991க்குப் பின் வந்த பொருளாதார மாற்றத்தினாலும், கணிப்பொறித் தொழிலில் வெளிநாடு சென்று திரும்பிய இளைஞரின் புதுச் சுவையினாலும் பெருகியவை.

இனி, அந்த உணவுதான் யாது? பலரும் அஞ்சுவது போல அது சீமான்களின் உணவன்று. அதன் வேர் ஏழைக் குடியானவனின் அடுப்பில் இருக்கிறது. பாஸ்தா என்று சொல்லப்படுவது, துரும் என்னும் கடினக் கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பல வடிவங்களில் அச்சிட்டு உலர்த்திய பண்டமே. கர்நாடகத்தில் உப்புமாவுக்குப் பயன்படும் பன்சி ரவையும் இக்கடினக் கோதுமையிலிருந்தே கிடைக்கிறது. உலர்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையாற்றான் செய்யவேண்டும் என்று இத்தாலி 1967இல் சட்டமே இயற்றியது. நம் வீட்டுச் சேமியாவைப் பார்த்தவர்க்குப் பாஸ்தா புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நாம் சேமியாவை நெய்யில் வறுத்துப் பாயசமாக்குகிறோம். அவர்கள் அதன் உறவினனை உப்பிட்ட நீரில் வேகவைத்துக் குழம்போடு புரட்டுகிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும். பாஸ்தாவைக் குழைய வேகவிடுவது அவர்கள் வழக்கமன்று. கடிக்கும்போது நடுவில் சிறிது உறுதி இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. 'பல்லுக்கு ஏற்ற பதம்' என்று அதனைச் சொல்கிறார்கள். நம்மவர் பலர் இதனை அரைவேக்காடு என்று எண்ணி மனம் கோணுகின்றனர். பல் வலுவிழந்த பெரியவர்க்கு நன்றாக வேகவைத்துத் தருமாறு கேட்பதில் தவறொன்றும் இல்லை. சமையற்காரர் இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் விடப்போகிறார், அவ்வளவுதான்.

அக்குழம்பின் செந்நிறம் தக்காளியால் வருவது. தக்காளி இத்தாலியின் சொந்தப் பயிர் அன்று. பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த செடி அது. நெடுநாள் ஐயத்தோடு பார்க்கப்பட்டு, மெல்ல மெல்ல அவர்கள் சமையலின் உயிராயிற்று. நம் கதையும் இதுவே. அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த மிளகாய், மிளகின் பெயரையே தாங்கி நம் அடுப்பேறி, இன்று தமிழ்ச் சமையலின் அடையாளமாகவே நிற்கிறது. தக்காளியின்றி இத்தாலியும் மிளகாயின்றித் தமிழகமும் பல நூற்றாண்டுகள் உண்டு வாழ்ந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், 'நம் உணவு', 'அவர் உணவு' என்னும் வேலி எவ்வளவு தாழ்ந்தது என்பது விளங்கும்.

இவ்வாறே வேறு சில பண்டங்களையும் நம் அடுப்பங்கரையோடு ஒப்பிட்டு அறியலாம். பெஸ்தோ என்பது ஜெனோவா நகரத்துத் துவையல். இலையும் பூண்டும் கொட்டைப் பருப்பும் பாலாடைக்கட்டியும் எண்ணெயும் சேர்த்துக் கல்லுரலில் இடித்தது. அதிற் சேரும் இலை நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்று வழங்கும் செடியின் இனமே. ரிசோட்டோ என்பது வட இத்தாலியின் அரிசிச் சமையல்; அரிசியைக் களையாமல், சூடான சாறு சிறிது சிறிதாக வார்த்துக் கிளறிக்கொண்டே இருக்க, அதன் மாவுச்சத்து வெளிப்பட்டுப் பொங்கலைப் போலத் தளர்ந்து வரும். நியோக்கி என்பது உருளைக்கிழங்கு மாவில் உருட்டிய சிறு கொழுக்கட்டை. பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் பொரித்துச் செய்யும் பாஸ்தாவும் ஒன்றுண்டு. நம் தாளிப்பின் மணம் அதில் வீசும். காரம் வேண்டுவோர் 'அர்ராபியாத்தா' என்பதைக் கேட்கலாம். கோபமுற்றது என்பது அதன் பொருள். மிளகாயின் காரம் கருதி வைத்த பெயர்.

பீட்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் அதனை நமக்கு முன்பே அறிவித்துவிட்டனர். நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் கூலி மக்கள் கையில் வாங்கி உண்ட மலிவுப் பண்டம் அது. நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞரின் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. தெருவோரத்து உணவு உலகப் பெருமை பெற்ற வரலாறு இதுவாகும்.

அப்பெருமைக்கு வழி அமைத்தவர் யார்? ஊரை விட்டு வெளியேறியவரே. 1880 முதல் 1915 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் இத்தாலியர் பிழைப்புத் தேடித் தாய்நாட்டை விட்டுச் சென்றனர். அமெரிக்க நகரங்களில் அவர்களுடைய பூண்டு மணத்தை அண்டை அயலார் இகழ்ந்த காலமும் உண்டு. அவர்கள் மனந்தளரவில்லை. சிறு கடைகளை வைத்தனர். கிடைத்த பொருளுக்கேற்பச் சமையலை மாற்றினர். வந்தவர்க்கு மேசை விரித்தனர். இகழ்ந்தவரின் பேரர்களே பின்னர் வரிசையில் நின்று வாங்கி உண்டனர். தாய்நாட்டில் இல்லாத பல பண்டங்கள் அவ்வாறு குடியேறியவர் கையில் பிறந்தன. பெங்களூரிலும் பீட்சாவின் மேல் பன்னீரும் பச்சைமிளகாயும் தூவப்படுகின்றன. இதனைக் கலப்படம் என்று கடிந்துகொள்வதற்கு முன், கன்னட நாட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்த நம் இல்லங்களில் சாம்பாருக்குள் வெல்லம் எவ்வாறு புகுந்தது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி உணவகத்தில் நடந்துகொள்ளும் முறையைக் காண்போம். இத்தாலியர் விருந்து ஒரு வரிசையில் வரும். முதலில் பசி தூண்டும் சிறு பண்டம். அடுத்துப் பாஸ்தாவோ ரிசோட்டோவோ. அதன் பின் மீன் அல்லது இறைச்சி, அதற்குத் துணையாகக் காய்கறி. இறுதியில் இனிப்பும் காப்பியும். இவ்வரிசை முழுவதையும் ஒவ்வொருவரும் வாங்கவேண்டும் என்னும் கட்டாயம் எதுவுமில்லை. நான்கு பேருக்கு இரண்டு பாஸ்தா, ஒரு பீட்சா, ஒரு சூப்பு என்று வாங்கிப் பகிர்ந்து உண்பது பெங்களூர் உணவகங்களில் எவரும் வியக்காத செயல். திராட்சை மது அவர்கள் வழக்கம், நமக்குக் கட்டாயமன்று. தண்ணீர் போதும் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

புலால் உண்ணாதவர் இங்கே சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும். பட்டியலில் இறைச்சியின் பெயர் இல்லாமையால் மட்டும் ஒரு பண்டம் சைவமாகிவிடாது. பார்மிஜானோ என்னும் புகழ்பெற்ற இத்தாலியப் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் உறைய வைக்கப்படுவது. அதன் விதிமுறையே அவ்வாறு. இந்தியாவில் செய்யப்படும் கட்டிகள் பலவற்றில் நுண்ணுயிர்களிலிருந்து பெறும் உறைப்பொருள் பயன்படுகிறது. பெங்களூரிலுள்ள வல்லம்புரோசா மரபுத் துறவியர் மடத்திலேயே இத்தாலிய முறையில் மொட்சரெல்லா முதலியவை செய்யப்படுகின்றன. எந்தக் கட்டி சேர்க்கிறீர்கள், அதன் உறைப்பொருள் யாது என்று பரிமாறுபவரிடம் கேட்பது நம் உரிமை. காய்கறிச் சூப்பிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். சில தக்காளிக் குழம்புகளில் நெத்திலியை ஒத்த சிறுமீன் கரைந்திருக்கும். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கும். பன்னா கோட்டா என்னும் பாலேட்டு இனிப்பு, விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலாட்டினால் இறுகுவது. திராமிசு என்னும் காப்பி மணக்கும் இனிப்பில் முட்டையும், சில இடங்களில் மதுவும் சேரும். இத்தனையும் கேட்டால் நகைப்பார்களோ என்று அஞ்சவேண்டாம். நல்ல உணவகம் எதுவும் இக்கேள்விகளுக்கு முகம் மலர்ந்தே விடை சொல்லும். இவற்றை முன்னரே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரியவர்க்குரிய பண்டத்தை முதலிற் சொல்லிவிட்டுப் பின்னர்த் தமக்கு வேண்டியதைச் சொல்வது அழைத்துச் செல்லும் இளையவரின் கடமை.

கையால் உண்பது பற்றியும் ஒரு சொல். இத்தாலியர் பலர் பீட்சாவைக் கையால் மடித்தே உண்கின்றனர். தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்து உண்பதும் அவர்கள் இல்லத்து வழக்கம். நீண்ட இழைப் பாஸ்தாவுக்கு முள்கரண்டியால் நாலைந்து இழைகளை மட்டும் பற்றித் தட்டின் ஓரத்தில் சுழற்றினால் எளிதில் சுருளும். அது கைவராதவர்க்குக் குழல் வடிவமான பென்னே ஏற்றது; கரண்டியால் அள்ளி உண்ணலாம். தெரியாத கருவியைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதைவிட, எளிய வடிவத்தைக் கேட்டு வாங்கி வயிறார உண்பதே அறிவுடைமை.

இறுதியில் வரும் காப்பி நமக்குப் பெருமை தரும் பொருள். சிறு கோப்பையில் இரண்டு வாய் அளவே வரும் அதனைக் கண்டு நம்மவர் ஏமாற்றமடைவதுண்டு. அழுத்தத்தால் வடித்த கடுங்காப்பி அது. நம் பில்டரில் முதலில் இறங்கும் டிகாக்ஷனின் உறவு. இந்தியக் காப்பிக்கொட்டையை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலியே. நம் நாட்டில் விளையும் காப்பியிற் பெரும்பகுதி கர்நாடக மலைகளில் விளைகிறது. குடகிலும் சிக்மகளூரிலும் தோட்டத் தொழிலாளர் பறித்த கொட்டை, கடல் கடந்து சென்று இத்தாலியரின் காலைக் கோப்பையை நிரப்புகிறது. அவர்கள் விருந்தை நாம் உண்ணும்போது, நம் மண்ணின் விளைவை அவர்கள் அங்கே பருகிக்கொண்டிருக்கின்றனர்.

அடுத்து, காட்சி. பெங்களூருக்குக் கடல் இல்லை, பேராறும் இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கு அதிகமான உயரமும், அதனால் வரும் இளங்காற்றும், மரங்களும், முன்னோர் வெட்டிய ஏரிகளுமே அதன் செல்வம். மாடியுணவகங்கள் இங்கே பெருகியதற்கு அக்காற்றே காரணம். ஆண்டு முழுவதும் கதிரவன் மாலை 5.50க்கும் 6.50க்கும் இடையில் மறைகிறான். ஆகவே காட்சியை விரும்புவோர் 5.30 மணிக்கே சென்று அமர்தல் வேண்டும். எட்டு மணிக்குச் சென்றால் காட்சிக்குரிய விலையைக் கொடுத்து இருளைக் காணநேரும். சன்னலோர மேசையை முன்பதிவு செய்து, அதில் பெரியவர்களை அமர்த்துவது சிறப்பு.

காக்ஸ் டவுனுக்குத் தெற்கே, சிறிது தொலைவில், அல்சூர் ஏரி விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பும், நடுவே சிறு தீவுகளும் கொண்டது. அதன் அருகில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1991 முதல் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அவ்வேரிக்கு அருகில்தான் திறக்கப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. இரு மொழியாரும் ஒருவர் புலவரை ஒருவர் தம் ஊரில் வரவேற்ற அந்நிகழ்ச்சி, புலம்பெயர்ந்து வாழ்வோர் நினைவில் வைக்கத் தக்கது.

இவ்வேரி வெறும் அழகுப்பொருளாக நம் கண்முன் விரிந்திருக்கவில்லை. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் அல்சூர் ஏரியில் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, நீரில் உயிர்க்காற்று குறைந்தால் மீன்கள் மூச்சுத் திணறி மடியும். 2017 பிப்ரவரியில் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் தீயே மூண்டது. மாடியில் அமர்ந்து நாம் விரும்பிக் காணும் நீர்ப்பரப்பு, கீழே நம் வீடுகளும் கடைகளும் உணவகங்களும் கழித்து விடும் அழுக்கையே ஏந்தி நிற்கிறது. காட்சிக்காக உணவின் விலையில் நாம் கொடுப்பது உணவகத்தாருக்குச் சேரும், ஏரிக்குச் சேராது. அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை வேறு. சமையலெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதிருத்தல், ஏரிக்கரையில் குப்பை எறியாதிருத்தல், கழிவுநீர் கலப்பதைக் கண்டால் மாநகராட்சிக்கு எழுதுதல் ஆகியவை அவ்விலை. இதனைச் செலுத்தாத நகரத்தில் ஏரிக்காட்சி உள்ள உணவகம் நெடுநாள் நிலைக்காது.

மாடியுணவகத்தில் அமரும்போது மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மும்பையில் கமலா மில்ஸ் வளாகத்து மாடியுணவகங்களில் 2017 டிசம்பர் 29ஆம் நாள் இரவு மூண்ட தீயில் 14 பேர் மாண்டனர். ஆதலால் மேசையில் அமருமுன் மின்தூக்கியைத் தவிர இறங்கும் படிக்கட்டு எங்கே என்று ஒருமுறை பார்த்து வைப்பது நலம். வழி அடைபட்டிருந்தால் எழுந்து வந்துவிடுவதில் வெட்கம் இல்லை.

பில் வந்ததும் அதனைப் படித்துப் பார்ப்பது நாகரிகக் குறைவு என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். உணவகங்களில் உணவுக்குரிய சரக்கு சேவை வரி பொதுவாக 5 சதவீதம். அறை வாடகை மிகுந்த பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம். இவை கட்டாயம் செலுத்த வேண்டியவை. சேவைக் கட்டணம் என்று தனியே சேர்ப்பது வரியன்று. அதனைத் தாமாகவே பில்லிற் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. பணிவோடு நீக்கச் சொல்லலாம். பரிமாறியவரின் உபசாரம் மனத்துக்கு இதமாயிருந்தால், அவர் கையிலேயே விரும்பியதைக் கொடுக்கலாம். ஊர்விட்டு ஊர் வந்து பிறர்க்குப் பரிமாறும் வேலையில் நம்மவர் எத்தனை பேர் இருந்திருக்கின்றனர் என்பதை நாம் மறக்கலாகாது.

விருந்தோம்பலுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவரின் முகம் வாடாமற் காப்பதே அதன் உயிர் என்பது தமிழர் கண்ட முடிவு. அம்முடிவு வீட்டு வாசலோடு நின்றுவிடுவதன்று. உணவகத்து மேசைக்கும் அது பொருந்தும். அங்கே நாம் பொருள் கொடுத்து உண்ணும் வாடிக்கையாளராயினும், நம் பெற்றோர்க்கு நாமே விருந்தோம்புநர். ஏரியின் அழகும், மேசை விரிப்பின் வெண்மையும், அயல்நாட்டுப் பெயர்களின் இனிமையும் இரண்டாம் இடத்தவை. மேசையைச் சுற்றி அமர்ந்த அனைவர் தட்டிலும் அவரவர்க்கு இசைந்த உணவு இருக்கிறதா என்று பார்ப்பதே முதற் கடமை.

புலம்பெயர்ந்த இத்தாலியர் தம் எளிய உணவை நாணமின்றிப் பிறர் முன் வைத்தனர். உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. நாமும் அவர்கள் மேசையில் நாணமின்றி அமர்வோம், தெரியாததைக் கேட்டு அறிவோம், பிடித்ததை உண்போம். அடுத்த வாரமே அண்டை வீட்டுக் கன்னடியரையும் மலையாளியரையும் வங்காளியரையும் நம் இல்லத்துக்கு அழைத்து, இலை விரித்துப் பொங்கலும் வற்றற்குழம்பும் படைப்போம். பிறர் விருந்தை உண்ணக் கற்றவர்க்கே தம் விருந்தின் அருமை முழுவதும் விளங்கும்.